காவிரிக்கரைச் சாலை – 9: பாறையை நோக்கிய கண்கள்

பங்குனித் திருவிழாவில் நம்பெருமாள் திருவரங்கத்திலிருந்து காவிரியைக் கடந்து ஜீயபுரம் ஆஸ்தான மண்டபத்துக்கு எழுந்தருளுவதையும், பாட்டி கையால் பழையசோறும் மாவடுவும் உண்ட கதையையும் சென்ற பகுதியில் பார்த்தோம். அந்த வழி நூற்றைம்பது, இருநூறு ஆண்டுகளுக்கு முன் கண்ணுக்கு எப்படி இருந்திருக்கும் என்ற கேள்வியோடு இந்தப் பகுதியைத் தொடங்குகிறேன்.

ஜீயபுரத்துக்கு மேற்கிலும் கிழக்கிலும் இன்று பார்ப்பதை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். ஒரு பக்கம் காவிரி. மறுபக்கம் வாழைத்தோட்டம், நெல்வயல், அதற்கப்பால் உய்யக்கொண்டான் வாய்க்கால். நடுவில் கரையை ஒட்டி வளைந்து வளைந்து போகும் குறுகலான பாதை. முத்தரசநல்லூர், அல்லூர், ஜீயபுரம், அந்தநல்லூர், திருச்செந்துறை, திருப்பராய்த்துறை என்று ஊர்கள் ஒன்றின் தோளில் ஒன்று கை போட்டபடி நிற்கின்றன. ஆற்றோரத்தில் மருதும் நாவலும் புங்கனும், சாலையோரத்தில் புளியும் ஆலும் வேம்பும். வெயில் ஏறிய பிறகும் பல இடங்களில் தரையில் நிழல்தான் விழுகிறது.

இப்படி ஒரு பாதையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியன் ஒருவன் பார்த்திருந்தால் சட்டகத்தை நட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பான். அந்த நூற்றாண்டில் பிரான்ஸில் மரங்களுக்கு நடுவே போகும் வெறும் பாதையே பெரிய ஓவியங்களுக்குப் பொருளாயிற்று. அதற்குச் சற்று முன்பும் அதே நூற்றாண்டிலும் திருச்சிக்கும் ஓவியர்கள் வந்தார்கள், புகைப்படக்காரர் வந்தார். வந்தவர்களின் கண் எங்கே போயிற்று, நம் ஊர் ஓவியர்களின் கண் எங்கே இருந்தது, பிரான்ஸில் ஒரு காட்டுப்பாதைக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் இந்தப் பகுதியின் செய்தி. மூன்றும் வேறு வேறு கதைகள் போலத் தெரியும். 1850களில் திருச்சியில் அவை ஒன்றையொன்று தொட்டன.

முதலில் டானியல்கள். தாமஸ் டானியலும் அவருடைய உடன்பிறந்தவரின் மகன் வில்லியமும் 1792இல் சென்னையிலிருந்து தெற்கே புறப்பட்டார்கள். திப்பு சுல்தானுடன் நடந்த மூன்றாம் மைசூர்ப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. அந்தப் போரின் இடங்களைப் பார்க்கும் ஆவல் இங்கிலாந்தில் இருந்தது. காட்சியை ஒளியின் வழியாகத் தாளில் விழச்செய்து கோடு போட உதவும் இருட்டுப்பெட்டி ஒன்று அவர்களிடம் இருந்தது. அதனால்தான் அவர்கள் வரைந்த கோபுரங்களின் அளவு பெரும்பாலும் பிசகுவதில்லை. ஊர் திரும்பியபின் 1795 முதல் 1808 வரை 'ஓரியண்டல் சீனரி' என்ற பெயரில் 144 அச்சுப்படங்களை வெளியிட்டார்கள். பிரிட்டிஷ் வீடுகளின் சுவரில் இந்தியா என்றால் இப்படித்தான் இருக்கும் என்று பதியவைத்த படங்கள் அவை.

அந்தத் தொகுப்பில் திருச்சிராப்பள்ளியும் இருக்கிறது. காவிரியிலிருந்து பார்த்த மலைக்கோட்டை, தென்கிழக்கிலிருந்து பார்த்த மலைக்கோட்டை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. சமவெளியில் திடீரென்று எழும் அந்தப் பாறையைக் கண்ட எவருடைய கையும் முதலில் அதைத்தான் வரையும். டானியல்களின் படத்தில் காவிரி முன்னே விரிந்து கிடக்கிறது, பாறை ஒளியில் நிற்கிறது, மரங்கள் பாறையின் உயரத்தை எடுத்துக்காட்டும் துணையாக அடியில் ஒதுங்குகின்றன. பின்னால் வந்தவர்களுக்கும் இதுவே வழக்கமாகிவிட்டது. வேடிக்கைப் பாடல்களுக்குப் பேர்போன எட்வர்ட் லியர் உண்மையில் நிலக்காட்சி ஓவியர். வைஸ்ராய் நார்த்புரூக் பிரபுவின் அழைப்பில் இந்தியா வந்து, 1874இல் தெற்கையும் சுற்றினார். பென்சில் கோட்டின் மேலேயே எந்த இடத்தில் என்ன நிறம் என்று எழுதிவைத்துப் பின்னர் வண்ணம் ஏற்றுவது அவர் முறை. நிழலும் இலையும் அறிந்த கை அது. ஆனால் ஒரு பயணிக்கு ஓர் ஊரில் கிடைப்பது சில நாட்கள். அந்தச் சில நாட்களில் எவரும் ஊரின் தலையாய அடையாளத்தை விட்டுவிட்டு மேற்கே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நடந்து ஒரு புளியமரத்தடியில் உட்காரமாட்டார்கள்.

வந்தவர்கள் போகட்டும். இங்கேயே இருந்தவர்கள் என்ன வரைந்தார்கள்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் திருச்சி, ஓவியத்துக்குப் பேர்பெற்ற ஊர். மைக்காத் தகட்டில், நாம் காக்காய்ப்பொன் என்றும் அப்பிரகம் என்றும் சொல்லும் அந்தக் கண்ணாடி போன்ற மெல்லிய கனிமத் தகட்டில், வண்ணம் தீட்டி விற்கும் தொழில் இங்கே பெரிதாக நடந்தது. தென்னிந்தியாவில் அதற்குத் திருச்சியே முதன்மையான இடம். கம்பெனி அதிகாரிகளும் பாளையத்துச் சிப்பாய்களின் மேலதிகாரிகளும் ஊருக்குத் திரும்பும்போது பன்னிரண்டு, இருபது என்று கட்டாக வாங்கிப்போனார்கள். கைக்கு அடக்கமானது, விலை மலிவானது, வண்ணம் பளபளவென்று இருக்கும். தண்ணீர் சுமப்பவர், வண்ணார், பல்லக்குத் தூக்கிகள், நெசவாளர், தாசி, பண்டாரம், சாமி ஊர்வலம், குதிரைக்காரன் என்று மனிதர்கள் வரிசையாக வருவார்கள். சில தொகுப்புகளில் ஓர் அட்டையில் முகம் மட்டும் இருக்கும். முகம் இல்லாத உடையும் தொழிற்கருவியும் வரைந்த மைக்காத் தகடுகளை அதன்மேல் ஒவ்வொன்றாக வைத்தால் ஒரே முகம் பத்துப் பேராக மாறும். இத்தனை திறமை இருந்த கைகள் அவை.

அந்தப் படங்களின் அடியில் பாருங்கள். மனிதனின் காலுக்குக் கீழே ஒரு பச்சைக் கீற்று, தலைக்கு மேல் ஒரு நீலக் கீற்று. சில சமயம் ஓரத்தில் ஒரு செடி. நிலம் அவ்வளவுதான். நாயக்கர் காலச் சுவரோவியங்களிலும் மரம் வரும். இது வனம், இது நந்தவனம் என்று கதைக்கு இடம் சொல்ல வரும், ஒரு காட்சியையும் அடுத்த காட்சியையும் பிரிக்க வரும். கதாபாத்திரம் இல்லாமல் மரத்தை மட்டும், வழியை மட்டும் வரைந்து சுவரில் மாட்டும் பழக்கம் இங்கே உருவாகவில்லை. நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம் என்று பிரித்து, பொழுதையும் பூவையும் பறவையையும் அதனதன் இடத்தில் வைத்துக் கவிதை செய்த மொழி நம்முடையது. சொல்லில் இவ்வளவு நுட்பமாக நிலத்தைப் பார்த்தவர்கள் வண்ணத்தில் அதைத் தனியே நிறுத்தவில்லை. இதை ஒரு குறையாக நான் சொல்லவில்லை. சொல்லில் நிறைந்துபோனதால் வண்ணத்தில் தேவைப்படவில்லை என்றும் எண்ணலாம். ஆனால் விளைவு ஒன்று உண்டு. வந்தவன் பாறையை வரைந்தான், இருந்தவன் மனிதனையும் தெய்வத்தையும் வரைந்தான், நடுவில் சாலை நின்றுபோயிற்று.

இப்போது பிரான்ஸுக்குப் போவோம். பாரிஸுக்குத் தென்கிழக்கே அறுபது கிலோமீட்டர் அளவில் ஃபோந்தேன்புளோ காடு. அரசர்கள் வேட்டையாடிய காடு. அதன் விளிம்பில் பார்பிசோன் என்ற சிற்றூர். 1830களிலிருந்து ஓவியர்கள் இங்கே வந்து தங்கத் தொடங்கினார்கள். அதுவரை பிரெஞ்சு ஓவியக் கழகத்தின் கணக்கில் நிலக்காட்சி என்றால் அதில் ஒரு புராணச் சம்பவமோ இடிந்த ரோமானியத் தூணோ இருக்கவேண்டும். வெறும் மரம் பயிற்சிக்கு ஆகும், கண்காட்சிக்கு ஆகாது. இதை உடைத்தவர்களில் முதல்வர் தியோடோர் ரூஸோ. தத்துவம் எழுதிய ரூஸோ வேறு. இவர் 1812இல் பிறந்தவர், தையற்காரர் மகன்.

அவருடைய 'செஸ்நட் மரச்சாலை' இன்று பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இருபுறமும் முதிய மரங்கள், கிளைகள் மேலே கூடிக் கூரையாகி, நடுவில் ஆழ்ந்து செல்லும் பாதை. பச்சைக்குள் பச்சை, அதற்குள் இருட்டு, இருட்டுக்குள் மீண்டும் வெளிச்சத்துளி. சொல்வதற்குக் கதையே இல்லை. பாதைதான் கதை. 1841இல் கண்காட்சிக் குழு இதைத் திருப்பி அனுப்பியது. அதற்கு முன்னும் ஆண்டுக்கு ஆண்டு அவருடைய படங்கள் திரும்பின. பெரிய நிராகரிக்கப்பட்டவர் என்றே அவருக்குப் பட்டப்பெயர் விழுந்தது. 1848 புரட்சிக்குப் பிறகுதான் காற்று மாறியது. அவரும் பார்பிசோனிலேயே குடியேறினார். கொரோ, தியாஸ், துப்ரே என்று பலர் அந்தக் காட்டையும் அதன் சுற்றுப்புறங்களையும் வரைந்தார்கள். 1841இல் தகரக் குழாயில் அடைத்த வண்ணம் விற்பனைக்கு வந்தது, 1849இல் பாரிஸிலிருந்து ஃபோந்தேன்புளோவுக்கு ரயில் வந்தது. இரண்டும் சேர்ந்து ஓவியனை அறையிலிருந்து மரத்தடிக்குக் கொண்டுவந்தன. தெனெகூர் என்ற நெப்போலியன் காலத்துப் பழைய போர்வீரர் ஒருவர் தன் சொந்தக் காசைச் செலவழித்துக் காட்டுக்குள் நடைபாதைகள் போட்டு, பாறைகளிலும் மரங்களிலும் நீல அம்புக்குறி தீட்டி, வழிகாட்டி நூல்களும் வெளியிட்டார். இளைஞரான மோனே 1865 வாக்கில் ஷையி என்ற ஊருக்குப் போகும் காட்டுச் சாலையை மீண்டும் மீண்டும் வரைந்தபோது, அந்தச் சாலை ஏற்கெனவே பாரிஸ்காரர்கள் பேர் சொல்லி அறிந்த சாலையாகிவிட்டது.

படம் பெருகும்போதே மரமும் விழுந்துகொண்டிருந்தது. வனத்துறை முதிய ஓக் மரங்களை வெட்டிவிட்டு, சீக்கிரம் வளரும் பைன் கன்றுகளை வரிசையாக நட்டது. ரூஸோவுக்கு இது தாங்கவில்லை. 1847இல் மரம் வெட்டும் காட்சி ஒன்றை வரைந்து அதற்குப் 'பச்சிளங்குழந்தைகள் படுகொலை' என்று பெயரிட்டார். ஏரோது மன்னன் குழந்தைகளைக் கொல்லச் செய்த விவிலியச் சம்பவத்தின் பெயர் அது. படத்தில் குழந்தைகள் இல்லை, கயிறு கட்டிச் சாய்க்கப்படும் மரங்கள்தான். முடிக்கப்படாத அந்த ஓவியம் இன்று நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருக்கிறது. 1852இல் ஓவியர்கள் சார்பில் மோர்னி பிரபு வழியாக மூன்றாம் நெப்போலியனுக்கு மனு போயிற்று. அடுத்த ஆண்டே 624 ஹெக்டேர் காட்டை வெட்டாமல் விடுவதென்று வனத்துறை ஒதுக்கியது. 1861 ஆகஸ்ட் 13இல் வந்த பேரரசாணை அதை 1,097 ஹெக்டேராக விரித்தது. நம் கணக்கில் ஏறத்தாழ 2,700 ஏக்கர். அந்த ஆணையில் அந்தப் பகுதிக்குக் கொடுத்த பெயரே கலைக்கான ஒதுக்கீடு என்பதுதான். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா வருவதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு, அழகைக் காரணம் காட்டி ஓர் அரசு காட்டை ஒதுக்கிவைத்தது.

பணக்காரனின் பொழுதுபோக்குக்காகக் காட்டை அடைத்துவைத்தார்கள் என்று இதை யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். ரூஸோ கடனில் வாழ்ந்தவர். விறகு பொறுக்கும் கிழவிகளையும் மாடு மேய்ப்பவர்களையும் தம் படங்களில் மரத்துக்குச் சமமாக வைத்தவர். அவர் கேட்டது முதிய மரங்களுக்கு உயிர்.

இந்த ஃபோந்தேன்புளோவிலிருந்துதான் திருச்சிக்கு ஒரு நேர்க்கோடு வருகிறது.

அந்தக் காட்டின் பாதைகளைத் தூரிகை இல்லாமல் பதிவுசெய்தவர் குஸ்தாவ் லெ கிரே. 1820இல் பிறந்தவர். ஓவியம் பயின்று புகைப்படத்துக்கு வந்தவர். 1849இலிருந்து ஃபோந்தேன்புளோ மரங்களையும் சாலைகளையும் படமெடுத்தார். 1851இல் அவர் ஒரு முறையை வெளியிட்டார். படச்சுருள் என்ற ஒன்று பிறக்காத காலம். நெகட்டிவ் என்பது வெள்ளி உப்பு ஏற்றிய ஒரு தாள். சாதாரணத் தாளை ஈரத்தோடு பயன்படுத்த வேண்டும், தாளின் நார் படத்தில் தெரியும். லெ கிரே முதலில் தாளுக்கு மெழுகு ஏற்றினார். நார் மறைந்தது, தாள் கண்ணாடிபோல் ஒளியை விட்டது. முக்கியமாக, தாளைப் பத்துப் பதினைந்து நாட்களுக்கு முன்பே தயாரித்து உலர்ந்த நிலையில் எடுத்துப்போகலாம், படமெடுத்த பின் சில நாட்கள் கழித்தும் கழுவலாம். ஊர் ஊராகப் போகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? இந்தியாவில் இருந்த ஆங்கிலேயப் புகைப்படக்காரர்கள் பலர் மெழுகுத்தாள் முறையை உடனே பற்றிக்கொண்டார்கள். சென்னை ராணுவத்தின் கேப்டன் லின்னேயஸ் டிரைப் அவர்களில் ஒருவர்.

டிரைப் 1822இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். 1855இல் பர்மாவின் ஆவா அரசவைக்குப் போன தூதுக்குழுவோடு சென்று படமெடுத்தார். 1856இல் கவர்னர் ஹாரிஸ் பிரபு காலத்தில் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். அழிந்துகொண்டிருக்கும் பழங்கட்டடங்களை அவை அழியும் முன் பதிவுசெய்யவேண்டும் என்பதில் அவருக்கு உண்மையான அக்கறை இருந்தது. வடக்கே கலகம் எரிந்துகொண்டிருந்த 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டார். தாள், மெழுகு, வெள்ளி உப்பு, பெரிய மரக் கேமரா எல்லாம் மாட்டுவண்டியில். இராயக்கோட்டை, திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுமார் நான்கரை மாதப் பயணம். ஒவ்வொரு நெகட்டிவும் ஏறக்குறைய பன்னிரண்டு அங்குலத்துக்குப் பதினைந்து அங்குலம். பெரிதாக்கும் வசதி கிடையாது, நெகட்டிவின் அளவுதான் படத்தின் அளவு. தஞ்சைப் பெரியகோயில் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, பத்தொன்பது அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். கல்வெட்டு ஆய்வு முறையாகத் தொடங்குவதற்கு முன்பே நடந்த வேலை இது. 1858இல் திருவரங்கத்துக்கு ஒரு தொகுப்பு, திருச்சிராப்பள்ளிக்கு ஒரு தொகுப்பு எனத் தனித்தனியாக வெளிவந்தன.

இங்கே ஒரு கணம் நிற்கவேண்டும். 1752 ஜூனில் ழாக் லா என்ற பிரெஞ்சுத் தளபதி திருவரங்கத் தீவில் சுற்றிவளைக்கப்பட்டுச் சரணடைந்தார். கோயில் மதில்களையே அரணாக்கிக்கொண்டிருந்த பிரெஞ்சுப் படை அத்தோடு போயிற்று. நூற்றாறு ஆண்டுகள் கழித்து அதே தீவில் ஓர் ஆங்கிலேய ராணுவ அதிகாரி, காட்டுப்பாதைகளைப் படமெடுத்த ஒரு பிரெஞ்சுக்காரர் உருவாக்கிய முறையின் வழிவந்த தாளோடு நிற்கிறார். பாரிஸ் அருகே ஓக் மரங்களைப் பதித்த அதே மெழுகும் வெள்ளியும் இங்கே கோபுரத்தைப் பதிக்கின்றன. இந்த வரலாற்றில் என்னை மிகவும் ஈர்த்த இடம் இதுதான்.

அப்படியானால் டிரைப் ஏன் நம் சாலையைத் தேடவில்லை? அவருக்கு இட்ட பணி கட்டடங்கள், பழம்பொருள்கள். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் அந்தத் தாளிலேயே இருக்கிறது. மெழுகுத்தாள் நெகட்டிவுக்கு ஒளி மெதுவாகத்தான் ஏறும். கேமராவின் மூடியைத் திறந்துவைத்துப் பல நொடிகள், பல சமயம் நிமிடக்கணக்கில் காத்திருக்கவேண்டும். பாறை அசையாது, தூண் அசையாது. காவிரிக்கரை மரம் அசையாமல் இருக்குமா? காற்று கொஞ்சம் தட்டினாலும் இலைத்திரள் முழுவதும் கலங்கல் படலமாகிவிடும். பச்சை நிறமும் அந்தக் காலத்துத் தாளில் சரியாகப் பதியாது, கருத்துவிடும். வானமோ அளவு மீறி வெளுத்துப்போகும். டிரைப் இதற்கு ஒரு வழி கண்டார். நெகட்டிவின் பின்புறம் தூரிகையால் வண்ணம் தொட்டு மேகங்களை வரைந்து சேர்த்தார், கருத்துப்போன இலைத்திரளுக்கும் ஒளி கூட்டினார். நம் ஊர் வானத்தின் மிகப் பழைய புகைப்படங்கள் சிலவற்றில் இருக்கும் மேகம், கையால் தீட்டிய மேகம். புகைப்படத்துக்கும் ஓவியத்துக்கும் நடுவில் எங்கோ நிற்கும் வேலை அது. லெ கிரே மரங்களையே பொருளாகக் கொண்டதால் மரத்தின் அடிப்பகுதியையும் பட்டையையும் வேரையும் தேடிப்போனார், காற்று ஓய்ந்த வேளைக்குக் காத்திருந்தார். டிரைப்புக்கு மரம் பொருளல்ல.

அவருக்கு அதிக காலமும் கொடுக்கப்படவில்லை. 1859இல் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், கலகத்தால் கருவூலம் வற்றியிருந்த நிலையில் இதெல்லாம் தாங்கமுடியாத ஆடம்பரம் என்று திட்டத்தை நிறுத்தினார். டிரைப் அதன்பின் படமெடுப்பதையே ஏறக்குறைய விட்டுவிட்டார். 1902இல் இறந்தார். நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, 2014-15இல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் மூன்று நகரங்களிலும் அவர் படங்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். திருச்சியில் அப்படி ஒரு கண்காட்சி வைத்தால் எத்தனை பேர் வருவார்கள் என்று நினைத்துப்பார்க்கிறேன். கடைவீதி முழுவதும் வரும். தெப்பக்குளத்தருகே கடை வைத்திருப்பவருக்கு அந்தப் படங்களில் தன் தாத்தாவின் தாத்தா நின்ற இடம் தெரியும்.

சரி, வரையப்படாத அந்தச் சாலையின் மரங்களை அறிய நமக்கு ஆவணமே இல்லையா? இருக்கிறது. ஓவியத்தில் இல்லை, கோயில்களில் இருக்கிறது. இந்தக் கரையின் பழந்துறைகள் ஒவ்வொன்றும் ஒரு மரத்தின் அடியில் இருந்தவை. அந்தநல்லூர்ச் சிவனைச் சோழர் காலக் கல்வெட்டுகள் ஆலந்துறை மகாதேவர் என்கின்றன. இன்றும் அவர் வடதீர்த்தநாதர். வடம் என்பது ஆலமரம். அடுத்தது திருப்பராய்த்துறை. பராய் அங்கே தலமரம், அந்த இடத்துக்குத் தாருகாவனம் என்ற பெயரும் உண்டு. சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். மேற்கே குளித்தலையில் கடம்பவனேசுவரர். கிழக்கே தீவுக்குள் திருவானைக்காவில் வெண்நாவல். ஆல், பராய், கடம்பு, நாவல். இந்தப் பட்டியலை ஒரு தாவரவியலாளர் கையில் கொடுத்தால், ஈரமான ஆற்றங்கரைக் காடு ஒன்று இங்கே இருந்தது என்று அவர் சொல்லிவிடுவார். நடுவில் திருச்செந்துறையில் பத்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கற்றளி எடுத்தவள் பூதி ஆதித்த பிடாரி, கொடும்பாளூர் இருக்குவேள் குலத்துப் பெண், சோழ இளவரசன் அரிகுலகேசரியின் மனைவி. கொடும்பாளூரிலிருந்து காவிரிக்கு வந்தவர்களும் இந்த மர நிழலில்தான் இறங்கியிருப்பார்கள்.

ஐரோப்பியன் மரத்தைப் படமாக்கிக் காத்தான், நாம் மரத்தைச் சாமியாக்கிக் காத்தோம் என்று இதை ஒரு சமன்பாடாக்கிவிட எனக்கு மனமில்லை. தலமரம் ஒன்றுதான் காக்கப்படும். பிராகாரத்துக்குள் நிற்கும் அந்த ஒரு பராய் பிழைக்கும், வெளியே நின்ற பராய்க் கூட்டம் பிழைக்கவில்லை. ஃபோந்தேன்புளோவில் காத்தது ஒரு மரத்தையல்ல, பாதையும் பாறையும் புதரும் சேர்ந்த ஒரு காட்சியை. அந்தப் பார்வை நமக்கும் தேவைப்பட்டது, இன்றும் தேவைப்படுகிறது. இந்தக் கரைச்சாலை குறுகலானது, பேருந்தும் லாரியும் எதிரெதிரே வந்தால் இருசக்கர வண்டிக்காரர் உயிரைப் பிடித்துக்கொண்டு ஓரம் ஒதுங்கவேண்டும். அகலப்படுத்தக் கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. எந்த மரம் போகும், எது நிற்கும் என்ற பேச்சு வரும்போது, சாலையை ஒரு முழுக் காட்சியாக முன்வைக்க நம்மிடம் ஒரு படம்கூடக் கையில் இல்லாமல் இருக்கக்கூடாது. இருக்கிற மரங்களை ஊர்வாரியாக, வளைவுவாரியாக இப்போதே வரையலாம், படமெடுக்கலாம். ஜீயபுரத்துப் பள்ளிப் பிள்ளைகளின் ஓவிய வகுப்புக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

நிலத்தை வண்ணமாகப் பார்த்த கண் நம் மாவட்டத்திலும் பின்னால் பிறந்தது. துறையூர் அருகே கீரம்பூரில் 1938இல் பிறந்த ஆதிமூலம். சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்றவர், காந்தியை நூறு விதமாகக் கோட்டில் வரைந்தவர், கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துக்குக் கோடு தந்தவர். கோட்டோவியத்தில் அவ்வளவு புகழ் பெற்றபின், எண்பதுகளில் எண்ணெய் வண்ணத்துக்குத் திரும்பினார். அந்தப் படங்களில் மனிதன் இல்லை, கோயில் இல்லை, பாறை இல்லை. மண்ணும் நீரும் பச்சையும் வெளியும் பட்டைபட்டையாக ஒன்றில் ஒன்று கரைகின்றன. அருவ ஓவியம் என்று வகைப்படுத்துவார்கள். கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவில் உழுத வயலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அவை அவ்வளவு அருவமாகத் தெரியாது. 2008 ஜனவரியில் அவர் மறைந்தார்.

இனி மரத்தின் வேறொரு கணக்குக்கு வரவேண்டும். ஃபோந்தேன்புளோவுக்கு ரயில் ஓவியர்களைக் கொண்டுவந்தது என்றேன். நாகப்பட்டினத்திலிருந்து வந்த இருப்புப்பாதை 1862இல் திருச்சியை எட்டியது. அங்கிருந்து காவிரித் தென்கரையோடு ஜீயபுரம், குளித்தலை, கரூர் வழியாக 1868இல் ஈரோட்டைத் தொட்டது. சென்னை மாகாணத்து ரயில்கள் தொடக்கக் காலத்தில் பெருமளவு விறகை எரித்தே ஓடின. தண்டவாளத்துக்குக் கீழே போட்ட கட்டைகளும் மரம்தான். 1856இல் மாகாணத்தின் வனப் பாதுகாவலராகப் பொறுப்பேற்ற டாக்டர் ஹியூ கிளெகார்ன் இந்த விறகுப் பசியைக் கண்டு கவலைப்பட்டு எழுதியவர். பின்னர் இந்திய வனத்துறைக்கு வந்த இளம் ஆங்கிலேய அதிகாரிகள் 1867 முதல் இருபது ஆண்டுகள் அளவுக்குப் பயிற்சி பெற்ற இடம் பிரான்ஸின் நான்சி நகரத்து வனப்பள்ளி. ரூஸோ யாரோடு சண்டையிட்டாரோ, அந்தப் பிரெஞ்சு வனத்துறையினர் பயின்ற அதே பள்ளி. அங்கே கற்றுவந்தவர்கள் 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நம் மாவட்டத்துக் காடுகளில் என்ன செய்தார்கள் என்பதையும், ஜீயபுரம் ரயிலடியில் இறங்கிய விறகையும் அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)